பூவை எப்போ போடணும்?

காடாம்புலியூரில் சனிக்கிழமை இரவு எட்டரை மணி. நாளெல்லாம் முந்திரி உடைத்த கையைக் கழுவிவிட்டு அம்மா போனை எடுத்தார். மகன் வேலை பார்க்கும் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் அப்போது காலை எட்டு மணி. வீடியோவில், அவனுக்குப் பின்னால் அடுப்பில் பெரிய அண்டா தெரிந்தது.

"என்னாப்பா, விருந்தாளி யாராச்சும் வர்றாங்களா?"

"இல்லம்மா. முளைகட்டின பார்லியோட சாறு. இதுல ஒரு பூவைப் போட்டுக் கொதிக்க வெக்கணும். போன தடவ வெச்சது வாயிலயே வெக்க முடியல, அப்படி ஒரு கசப்பு. மோந்து பார்த்தா எலுமிச்சை மாதிரி வாசனை. கொதிச்சப்புறம் வாசனையே காணோம்."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பீர் என்ற ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டான்.

அந்த வீட்டில் அந்த மாதிரி வார்த்தைகள் புழங்குவதில்லை. இரண்டு காணி முந்திரித்தோப்பில் ஒரு காணி அப்பாவின் குடிக்கே போனது. அவரும் 47 வயதில் போய்ச் சேர்ந்தார். மிச்சமிருந்த தோப்பை வைத்தும், கூலிக்கு முந்திரி உடைத்தும்தான் அம்மா அவனைப் படிக்க வைத்தார்.

"பூவை எப்போ போட்ட?"

"முதல்லயே. ஒரு மணி நேரம் கொதிச்சுது."

"அப்புறம் கசக்காம என்ன செய்யும்? வேப்பம்பூ ரசத்துக்கு முதல்லயா பூவைப் போடுறோம்? புளி கொதிச்சுப் பச்சை வாசனை போவணும். நுரை கட்டுனதும் இறக்கிடணும். அதுக்கப்புறந்தான் நெய்யில வறுத்த பூ. பூவுக்குக் கொதி ஆவாது."

அவனுக்குச் சட்டென்று விளங்கியது.

அந்தப் பூவின் பெயர் ஹாப்ஸ். கொடியில் காய்க்கும் பச்சைப் பூ. இமாச்சலப் பிரதேசத்தின் லாஹூல் பள்ளத்தாக்கிலும் விளைகிறது. அதில் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, ஆல்ஃபா அமிலம். கொதிக்கக் கொதிக்க அது உருமாறிக் கசப்பாகும். 15 நிமிடம் கொதித்தால் வரும் கசப்பு, 60 நிமிடத்தில் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். இன்னொன்று, வாசனை எண்ணெய். அது கொதிக்கக் கொதிக்க ஆவியோடு பறந்துவிடும். கசப்பு வேண்டுமென்றால் முதலில் போட வேண்டும், மணம் வேண்டுமென்றால் கடைசியில் போட வேண்டும்.

பார்லிச் சாறு இனிப்பு. அதற்கு ஈடுகொடுக்கக் கொஞ்சம் கசப்பும் தேவை. அதனால் பூவைப் பிரித்துக்கொண்டான். 10 லிட்டருக்கு, கொதி வந்ததும் 10 கிராம். முடிய 10 நிமிடம் இருக்கும்போது 15 கிராம். அடுப்பை அணைத்து, சூடு 80 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் 30 கிராம். ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து, நொதித்து முடியும் தறுவாயில் இன்னும் 30 கிராம்.

கடைசியில் சொன்ன அந்தப் பச்சைப் பூ பழைய பழக்கம். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனிலிருந்து ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலை பீரைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பியது. சூயஸ் கால்வாய் வராத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றி வர மாதக்கணக்கில் ஆகும். கெடாமல் இருக்கப் பூவை அதிகம் சேர்த்து, பீப்பாயிலும் ஒரு பிடி போட்டு மூடுவார்கள். பிற்பாடு அந்த வகைக்கு 'இந்தியா பேல் ஏல்' என்றே பெயர் நிலைத்தது.

ஒரு மாதம் கழித்து முதல் பாட்டிலைத் திறந்தான். எலுமிச்சை மணம். கசப்பு நாக்கில் தட்டிவிட்டு அடங்கியது. நண்பர்கள், "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்கள். "எங்கம்மா" என்றான். சொன்ன பிறகு உறுத்தியது. அன்றைக்கே போன் செய்துவிட்டான்.

"அம்மா, அன்னிக்கு அண்டாவுல இருந்தது பீரும்மா."

"சாராயமா காய்ச்சுற?"

அம்மாவின் குரல் நடுங்கியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். பக்கத்து மாவட்டம். அந்தப் பயம் அவருக்கு இன்னும் போகவில்லை.

இது காய்ச்சி வடிப்பதல்ல, வெறும் நொதிக்க வைப்பது என்று விளக்கினான். தமிழ்நாட்டில் வீட்டில் செய்தால் குற்றம்தான், அமெரிக்காவில் 1978-ல் போட்ட சட்டப்படி பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 காலன் வரை செய்துகொள்ளலாம், விற்கத்தான் கூடாது என்றான்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை.

"சட்டமெல்லாம் சரிப்பா. உங்கப்பாவும் முதல்ல ஒரு கிளாஸ்தான் குடிச்சாரு. பூவை எப்போ போடணும்னு நீ கேட்ட, சொன்னேன். எப்போ நிறுத்தணும்னு அவரு யாருகிட்டயும் கேக்கல."

அவனிடம் பதில் இல்லை.

மிச்சமிருந்த பாட்டில்களில் பாதிக்கு மேல் நண்பர்கள் வீட்டுக்குப் போயின. அடுத்த சனிக்கிழமை வீடியோவில் அண்டா இல்லை. அம்மாவும் கேட்கவில்லை. அடுப்பில் சின்னப் பாத்திரத்தில் புளித்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில், போன முறை ஊரிலிருந்து கொண்டுபோன வேப்பம்பூப் பொட்டலம்.

"பேச்சுல விட்டுடாதப்பா. நுரை கட்டுது பாரு, இறக்கு" என்றார் அம்மா.