ஒரு தேருக்கு இரு சாரதிகள்

நம் நாட்டிலே பஸ் வண்டியைச் செலுத்துபவரைச் சாரதி என்கிறோம். அருச்சுனனுக்குத் தேர் செலுத்திய கண்ணபிரானும் நமக்குச் சாரதி. பலாலி வீதியிலே உரும்பிராய்ச் சந்தியைத் தாண்டிச் செல்லும் பஸ்ஸில் வியர்வை வழிய அமர்ந்திருப்பவரும் சாரதி. கணனிக்குள்ளேயும் சாரதிகள் இருக்கிறார்கள் என்பதைப் பலர் அறியார். ஆங்கிலத்தில் டிரைவர் என்ற ஒரே சொல் இரு பொருளுக்கும் வழங்குகிறது. தமிழில் அதனை 'இயக்கி' என்று அறிஞர் மொழிபெயர்த்திருக்கின்றனர். நல்ல சொல்தான், ஆயினும் நான் சாரதி என்றே எழுதப் போகிறேன். நான் சொல்லவிருப்பது ஒரு தேரின் கடிவாளத்தை இருவர் பற்றி இழுத்த கதை.

முதலில் அச்சாரதியின் தொழில் யாதென்று சொல்லிவிடுகிறேன். வீட்டுப் படம் வரையும் செயலி, "இங்கிருந்து அங்கு வரை ஒரு சுவர் நிற்கட்டும், அதன் பின்னே கதவு பாதி மறையட்டும்" என்று ஆணையிடுகிறது. படத்தைத் திரையிலே தீட்டும் பொறுப்பு கிராபிக்ஸ் காட் என்று நாம் அழைக்கும் வரைகலை அட்டையினுடையது. அந்த அட்டைக்குச் சுவரும் தெரியாது, கதவும் தெரியாது. அதற்குத் தெரிந்தவையெல்லாம் எண்ணிறந்த சிறு முக்கோணங்களும் அவற்றின் நிறங்களுமே. நமது நீதிமன்றங்களிலே முதலியார் என்று ஒருவர் நின்று சாட்சி சொல்வதை நீதிபதிக்கு மொழிபெயர்ப்பார் அல்லவா? அதே வேலையைத்தான் சாரதி செய்கிறது. முதலியார் பிழையாக மொழிபெயர்த்தால் பழி சாட்சியின் தலையிலே விழும். கணனியிலே பழி அட்டையின் தலையில் விழுகிறது.

நிற்க. எங்கள் ஒழுங்கையிலே ஒரு தாயும் மகளும் வாழ்கிறார்கள். குடும்பத் தலைவர் காலமாகிப் பல ஆண்டுகளாயின. மகள் படவரைஞர் பயிற்சி பெற்றவள். வீட்டிலிருந்தபடியே வீடுகளுக்குப் படம் வரைந்து கொடுக்கிறாள். வேலை தருவோரிற் பலர் கடல் கடந்து சென்ற நம்மவர்கள். பெற்றோர் விட்டுச் சென்ற மூன்று பரப்புக் காணியிலே ஒரு வீடு கட்ட வேண்டும்; அத்திவாரம் வெட்டு முன்னரே அதனைத் தொராண்டோவிலிருந்து கண்ணாற் கண்டுவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆகவே பிரதேச சபைக்குச் சமர்ப்பிக்கும் தட்டைப் படம் மாத்திரம் போதாது. முற்றத்தில் நின்றால் எப்படித் தோன்றும், விறாந்தையிலிருந்து கிணற்றடி தெரியுமா என்றெல்லாம் சுழற்றிச் சுழற்றிக் காட்டவல்ல முப்பரிமாணப் படமும் வேண்டும். அப்படங்களால் வரும் பணமே அவ்வீட்டின் சீவனம்.

ஒரு திங்கட்கிழமை காலை அவளுடைய மடிக்கணனி முரண்டு பிடித்தது. தட்டைப் படம் வழக்கம்போல் திறந்தது. முப்பரிமாணத் தோற்றத்துக்கு மாற்றி வீட்டைச் சற்றே திருப்பியவுடன் திரை கறுத்தது. இரண்டு மூச்சு விடும் நேரத்தில் மீண்டது. மறுமுறை திருப்பினாள்; கோடுகள் கிழிந்த துணிபோற் தொங்கின. மூன்றாம் முறை செயலியே மூடிக்கொண்டது. நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டு சென்றார்கள். மாலையிலே தாயார் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"அண்ணை, காட் எரிஞ்சு போச்சாம். இனிப் புதுசுதான் வாங்கவேணும் எண்டு சொல்லிப்போட்டினம்."

அவர் கையிலிருந்த இரண்டு காப்புகளையும் மறுநாள் ஈடு வைப்பதென்று முடிவாகியிருந்தது. வரைபலகையின் முன் பல காலம் நின்றவன் என்ற முறையிலே என்னையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வந்திருக்கிறார். "வியாழக்கிழமை படம் அனுப்பவேணும், மாமா" என்றாள், பின்னே நின்ற மகள்.

கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் நினைத்ததிலும் நியாயம் உண்டு. இக்காலத்து மடிக்கணனிகள் பலவற்றில் வரைகலைக்கென இரண்டு உறுப்புகள் உள்ளன. ஒன்று மூளையாகிய செயலியகத்துள்ளேயே அடங்கியது. மின்சாரத்தைச் சிக்கனமாகக் குடிப்பது. மற்றது தனி அட்டை. வலிமை மிக்கது, பசியும் மிக்கது. கடிதம் எழுதுவதும் படம் பார்ப்பதும் சிறியவன் பொறுப்பு. பாரமான வேலை வந்தால் பெரியவனை எழுப்புவது வழக்கம். பாரமான வேலையிலே மட்டும் கணனி விழுந்தால், பெரியவன் செத்துவிட்டான் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் காப்பைக் கழற்று முன்னர், செலவில்லாத சோதனைகள் சில இருக்கின்றன.

முதலாவது, சூடு. உரும்பிராய்ச் செம்மண் தூசியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வெயிற்காலத்தில் அது புகாத இடமில்லை. மடிக்கணனியின் விசிறியிலே அது படிந்து காற்றை அடைத்தால் அட்டை கொதித்துப் போகும். ஆயினும் சூட்டினால் வரும் நோய் வேலை தொடங்கிச் சிறிது நேரம் கழிந்த பின்னரே தலைகாட்டும். இங்கோ, குளிர்ந்த காலைப் பொழுதில், முதற் திருப்பத்திலேயே திரை கறுத்தது. ஆகவே சூட்டை ஒதுக்கினோம்.

இரண்டாவது சோதனை மிக எளிது. ஓட்டோகாட் போன்ற செயலிகளில் 'வன்பொருள் முடுக்கம்' என்று ஒரு வசதி உண்டு. அதனை நிறுத்திவிட்டால், செயலி வரைகலை அட்டையின் துணையை நாடாமல் பெரும்பாலான வேலையைத் தானே மெல்ல மெல்லத் தீட்டும். நிறுத்தினோம். வீடு செக்கிழுக்கும் மாட்டைப் போல அசைந்து அசைந்து சுழன்றது. ஆனால் திரை கறுக்கவில்லை, ஒரு கோடும் கிழியவில்லை. படத்திலும் பிழையில்லை, செயலியிலும் பிழையில்லை என்று அதனாற் தெளிந்தோம். எஞ்சியவர் இருவர்: அட்டை, அல்லது அதன் சாரதி.

இவ்விருவரையும் பிரித்தறிவதுதான் சிரமம். திரை கறுத்து மீண்டதைக் கவனியுங்கள். 2007ஆம் ஆண்டு மக்கள் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்ரா முதலாக அங்கே ஒரு காவலை வைத்திருக்கிறார்கள். வரைகலை அட்டை இரண்டு வினாடிக்குள் பதில் சொல்லாவிடின், கணனி முழுவதும் உறைந்து போகாதபடி, சாரதியை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவது அக்காவலின் பணி. அச்செய்தி நிகழ்வுப் பதிவேட்டிலே நாளும் நேரமுமாகப் பதியப்படும். பார்த்தோம். திங்கட்கிழமை காலைக்கு முன்னர் அத்தகைய பதிவு ஒன்றுகூட இல்லை. பின்னர், புதுப்பித்தல் வரலாறு என்ற பக்கத்தைத் திறந்தோம். ஞாயிற்றுக்கிழமை இரவு, அவள் உறங்கிய பின், இயக்க முறைமை தானாகவே ஒரு புதிய வரைகலைச் சாரதியை இறக்கி அமர்த்தியிருந்தது. அதுவும் சிறியவனுக்கு மட்டும். பெரியவனுடைய சாரதியோ, கணனி வாங்கிய காலத்ததே.

சிறியவனுக்குச் சாரதி மாறினால் பெரியவன் ஏன் விழ வேண்டும் என்று வாசகர் கேட்பது நியாயம். இவ்வகை மடிக்கணனி பலவற்றிலே திரையின் கம்பி சிறியவனிடமே இணைக்கப்பட்டிருக்கிறது. பெரியவன் படத்தைத் தீட்டிச் சிறியவனின் நினைவகத்திலே வைப்பான்; சிறியவனே அதனைத் திரைக்கு அனுப்புவான். என்விடியா நிறுவனம் 2010ஆம் ஆண்டிலே ஒப்ரிமஸ் என்ற பெயரில் இம்முறையை வெளியிட்டது. மின்கலம் நெடுநேரம் தாங்குவதற்கு இது நல்ல உபாயம். ஆனால் கைமாறும் இடத்தில் இரு சாரதிகளும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் நேற்று வந்தவர், மற்றவர் மூன்றாண்டு பழையவர் என்றால் இடையிலே படம் விழுந்து உடைவதும் உண்டு.

இத்தொல்லை இன்று முளைத்ததன்று. ஐவன் சதர்லாந்து என்னும் அறிஞர் 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யிலே ஒளிப்பேனாவாற் திரையில் வரையும் ஸ்கெட்ச்பாட் என்ற செயலியைச் செய்து காட்டியபோது, செயலியும் ஒன்று, கணனியும் ஒன்று. இடையிலே பிணக்குக்கு இடமில்லை. 1982இல் ஓட்டோகாட் சிறு கணனிகளுக்கென வந்த பின்னரே, பல கொம்பனிகளின் அட்டைகளும் பல விதத் திரைகளும் அதனோடு பேச வேண்டியதாயிற்று. அக்காலத்தில் அட்டை செய்வோர் தம் அட்டைக்கும் அந்தச் செயலிக்கும் என்றே தனியாகச் சாரதி எழுதிக் கொடுத்தனர். இன்று இயக்க முறைமை நடுவே நின்று எல்லாருக்கும் பொதுவிதி வகுத்திருக்கிறது. ஆயினும் வரைபடச் செயலி செய்வோர் இன்ன அட்டையும் இன்ன சாரதியும் எங்களாற் பரீட்சிக்கப்பட்டவை என்று பட்டியல் வெளியிடுவதை நிறுத்தவில்லை. புதிய சாரதியே சிறந்த சாரதி என்ற எண்ணம் விளையாட்டுப் பிரியர்களிடமிருந்து பரவியது என்று நினைக்கிறேன். வீட்டுப் படம் வரைபவருக்குப் பரீட்சிக்கப்பட்ட பழையவரே உகந்தவர்.

செவ்வாய்க்கிழமை மாலை வைத்தியத்தைத் தொடங்கினோம். பழைய சாரதிக்குத் திரும்பும் பொத்தான் ஒன்று உண்டு. அது மங்கிக் கிடந்தது, அதாவது திரும்புவதற்குப் பழையது எதுவும் சேமிப்பில் இல்லை. ஆகவே இருவரையும் வேரோடு நீக்கிவிட்டுப் புதிதாக அமர்த்துவதே வழி. முதலில், மடிக்கணனியின் அடியிலே பொறிக்கப்பட்ட மாதிரி இலக்கத்தைக் குறித்து, அதனைச் செய்த கொம்பனி அந்த மாதிரிக்கென்றே வெளியிட்டிருந்த இரு சாரதிகளையும் இறக்கி வைத்தோம். பெரியவனுடையது அரைக் கிகாபைட்டுக்கும் மேல். கைத்தொலைபேசியின் வழியாக அது இறங்குவதற்குள் இரண்டு முறை தேநீர் குடித்தாயிற்று. பின்னர் மீட்புப் புள்ளி ஒன்றை அமைத்தோம். அதன்பின் இணைய இணைப்பைத் துண்டித்தோம். பலர் கோட்டை விடுவது இந்த இடத்திலேதான். இணைப்பு இருந்தால், நாம் ஒருவரை முன்வாசலால் அனுப்ப, இயக்க முறைமை அவரையே பின்வாசலால் அழைத்து வந்துவிடும்.

கணனியைப் பாதுகாப்புப் பயன்முறையிலே தொடக்கி, டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டோலர் என்னும் இலவசக் கருவியால் இரு சாரதிகளின் எச்சங்களையும் துடைத்தோம். வழக்கமான முறையில் நீக்கினால் சில கோப்புகளும் பதிவுகளும் தங்கிவிடும்; அவையே பிற்பாடு பிணக்கை வளர்க்கும். பிறகு சிறியவனுக்குச் சாரதி, மீளத் தொடக்கம், பெரியவனுக்குச் சாரதி, மீளத் தொடக்கம். இந்த வரிசை முக்கியம். இறுதியாக, வரைகலை அமைப்புகளில் அந்தச் செயலியின் பெயரைச் சேர்த்து, அதற்கு எப்போதும் பெரியவனையே எழுப்புமாறு எழுதி வைத்தோம். மின்கலத்தில் ஓடும்போது பெரியவனுக்குச் சோறு குறைக்கப்படும் என்பதையும் அவளுக்குச் சொன்னேன். 2022ஆம் ஆண்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட காலத்திலே கணனி மந்தமாகிவிட்டது என்று வருந்தியவர் பலர். அவர்களிற் பலருடைய கணனிக்கு நோய் எதுவும் இருந்திராது.

முடுக்கத்தைத் திரும்ப இயக்கி, வீட்டைச் சுழற்றினாள். சுழன்றது. மேலே தூக்கினாள், உள்ளே நுழைந்தாள், மாடிப்படியில் ஏறினாள். திரை கறுக்கவில்லை. தாயார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமற் திரும்பிப் போனார்.

ஆனால் மதிற் கோடுகள் மட்டும் மெல்ல நடுங்கின. "திரும்பவும் சாரதியோ, மாமா?" என்று அவள் முகம் வாடியது. இது வேறு சங்கதி. நில அளவையாளர் தந்த காணிப் படத்தை அவள் அப்படியே உள்ளே வைத்து, அதன் மேல் வீட்டை எழுப்பியிருந்தாள். இலங்கையின் 1999ஆம் ஆண்டு அளவை முறையிலே பிதுருதலாகலை மலையை மூலமாகக் கொண்டு, அதற்குக் கிழக்கே ஐந்து இலட்சம், வடக்கே ஐந்து இலட்சம் மீற்றர் என எண் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வடக்கே வந்தால் உரும்பிராய்க் காணியொன்றின் மூலை ஏறத்தாழ எட்டு இலட்சம் மீற்றரிலே விழும். மில்லிமீற்றரிற் சொன்னால் ஒன்பது இலக்கம். வரைகலை அட்டை வேகத்துக்காக ஏறத்தாழ ஏழு இலக்கத் துல்லியத்தோடு கணக்கிடுவது வழக்கம். கடைசி இரண்டு இலக்கங்களும் கைநழுவும்போது கோடு நடுங்குகிறது. எந்தச் சாரதியை மாற்றினாலும் அது நிற்காது. அளவைப் படத்தின் மூலப் பிரதியைத் தொடாமல் வைத்துவிட்டு, வீட்டுப் படத்தின் பிரதியொன்றைச் சுழியத்துக்கு அருகே நகர்த்தி, நகர்த்திய தூரத்தை ஓரத்திலே எழுதினோம். நடுக்கம் நின்றது.

புதன்கிழமை இரவே படம் தொராண்டோவுக்குப் போய்ச் சேர்ந்தது. காப்புகள் கையிலேயே இருக்கின்றன. இரு சாரதிகளின் பதிப்பு இலக்கத்தையும் தேதியையும் அவள் ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கலண்டருக்குப் பக்கத்திலே ஒட்டியிருக்கிறாள். சென்ற கிழமை இயக்க முறைமை மற்றொரு புதிய சாரதியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திற்று. புதுப்பித்தலைச் சில கிழமைகளுக்கு ஒத்திவைக்கும் வசதியைப் பயன்படுத்தி, அவரை அங்கேயே நிற்க வைத்திருக்கிறாள். தொராண்டோக்காரர் மாடிப்படியை இடப்பக்கம் மாற்றச் சொல்லியிருக்கிறாராம். அந்த வேலை முடிந்த பிறகே உள்ளே விடுவதாக உத்தேசம்.