ஆரம்ப இருப்பு

பத்தாவது பரீட்சை எழுதிய பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா? அப்படியானால் ஏப்ரல் மாதம் பேப்பருக்குள்ளிருந்து என்னென்ன நோட்டீஸ் விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நீச்சல், கீபோர்டு, ஹிந்தி, ரோபோ செய்வது. எல்லாவற்றுக்கும் மேலே பளபளவென்று ஒன்று: 'ப்ளஸ் ஒன் கணக்கு, 40 நாளில்!' ஸ்கூல் திறக்கும்போது உங்கள் பிள்ளை மற்றவர்களைவிட மூன்று சாப்டர் முன்னால் இருக்குமாம். 18,000 ரூபாய். ஏ.ஸி. வகுப்பு.

என் மகள் அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "இதுக்கு நான் பேசாம காமர்ஸே எடுத்துக்கறேம்ப்பா. நீங்களும் பி.காம்.தானே?"

பி.காம். என்றால் எனக்கு ஒன்றும் இளக்காரம் கிடையாது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் கட்டடமாக வரைந்து தள்ளியவள் இவள். ஆர்க்கிடெக்ட் ஆகவேண்டும் என்பவள். ப்ளஸ் டூவில் கணக்கு இல்லாமல் பி.ஆர்க். கிடையாது. ஆசைப்பட்டு காமர்ஸ் எடுப்பது வேறு, கணக்குக்குப் பயந்து அங்கே போய் ஒளிந்துகொள்வது வேறு.

ஒளியவும் முடியாது என்பது தனிக்கதை. சி.ஏ. ஃபவுண்டேஷனில் ஒரு பேப்பரே கணக்கும் புள்ளியியலும் லாஜிக்கும்தான். அவ்வளவு ஏன், பற்று-வரவு எழுதும் இரட்டைப் பதிவு முறையை விளக்கி 1494-ல் வெனிஸில் அச்சான லூக்கா பாசியோலியின் புத்தகமே ஒரு கணக்குப் புத்தகம்! மனிதர் கணக்கு வாத்தியார். காமர்ஸுக்குக் கொல்லைப்புற வழியாக வந்தாலும் வாசலில் கணக்கு நிற்கும்.

"எல்லாரும் சேர்க்கறாங்க. நம்ம பொண்ணு மட்டும் பின்னாடி நிக்கணுமாங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். பணம் கட்டப் போகிற வழியில், எங்கள் தெருவிலிருக்கும் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருவரிடம் எதற்கும் கேட்டுவிடலாமே என்று மகளையும் கூட்டிக்கொண்டு நுழைந்தேன்.

அவர் நோட்டீஸைப் பார்க்கவே இல்லை. ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் கொடுத்தார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டு. மகள் டக்கென்று போட்டாள், 5/6. ஏன் கீழே ஆறு வந்தது என்றார். பதில் இல்லை. 'அப்படித்தான் போடணும் சார்.' அடுத்து, எண்களுக்குப் பதிலாக எக்ஸ், ஒய். எக்ஸில் ஒன்றையும் ஒய்யில் ஒன்றையும் கூட்டு. மேலே இரண்டு, கீழே எக்ஸ் கூட்டல் ஒய் என்று எழுதிவிட்டு அவளே சந்தேகமாகப் பார்த்தாள்.

(நம் பாட்டிகள் பேச்சுவாக்கில் 'முக்காலே மூணு வீசம்' என்பார்கள். வீசம் 1/16. கூட்டிப் பாருங்கள், 15/16 வரும்.)

"நீ அஞ்சாவது எந்த வருஷம்மா?" என்றார். நான் விரல்விட்டு எண்ணினேன். 2026-ல் பத்தாவது முடித்தவள். 2020 மார்ச்சில் ஸ்கூலை மூடினார்கள். தமிழ்நாட்டில் எட்டாவது வரையிலான வகுப்புகளைத் திறந்தது 2021 நவம்பரில். ஐந்தாவது முழுக்க, ஆறாவதில் பாதி, செல்போனில் போனது. பின்னம் புரிய வேண்டிய வயது அதுதான். அதன்பிறகு நான்கு வருஷம், வழியை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறாள்.

"ஸார், உங்க பொண்ணு ப்ளஸ் ஒன்ல திணறப் போறான்னு பயப்படறீங்க. அவ ஆறாவதுலயே திணறிட்டு, யார்கிட்டயும் சொல்லாம இழுத்துட்டு வந்திருக்கா. ப்ளஸ் ஒன் முக்கோணவியல்ல இதே கூட்டல்தான் வரும். எக்ஸ், ஒய்க்குப் பதிலா சைன், காஸ்னு இருக்கும், அவ்வளவுதான்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு என்னவோ செய்தது.

காமர்ஸ் படித்தவனுக்கு இது சட்டென்று புரியும். மார்ச் 31-ந் தேதியின் முடிவு இருப்புதான் ஏப்ரல் 1-ன் ஆரம்ப இருப்பு. அது தப்பாக இருந்தால், இந்த வருஷப் பதிவுகளை எவ்வளவு அழகாக எழுதினாலும் தப்பு கூடவே வரும். அந்த 40 நாள் கோர்ஸ், புது வருஷப் பதிவுகளை முன்கூட்டியே எழுதித் தருகிறது. பழைய பாக்கியை அது தொடப்போவதில்லை.

கணக்கு பிடித்த, பாக்கியில்லாத பிள்ளை என்றால் தாராளமாகச் சேருங்கள். மற்றவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஏழாவது, எட்டாவது புத்தகத்திலிருந்து பத்து கணக்கு கொடுத்துப் பாருங்கள். புத்தகங்கள் இன்டர்நெட்டில் இலவசம். போட்ட பிறகு, 'ஏன்?' என்று ஒருமுறை கேளுங்கள். போட்டதைவிட அந்தப் பதில் முக்கியம். ஸ்கூல் நடக்கும்போது இதற்கு நேரமும் கிடையாது, பக்கத்து பெஞ்ச்சுக்குத் தெரியாமல் ஆறாவது புத்தகத்தை விரிக்கவும் முடியாது. மே மாதத்தில் யாரும் பார்க்கப்போவதில்லை.

நாங்கள் பணம் கட்டவில்லை. காலை ஆறரைக்கு வாத்தியார் வீட்டு வராந்தாவில் ஒரு மணி நேரம். ஃபீஸ் வேண்டாமென்று சொல்லிவிட்டார், ஃபில்டர் காபி மட்டும் எங்கள் வீட்டிலிருந்து ஃப்ளாஸ்க்கில் போகிறது. ஆறாவது முடிந்து ஏழாவது புத்தகத்துக்கு வந்திருக்கிறார்கள். மனைவிக்கு இன்னும் முழு சம்மதமில்லை. நோட்டீஸ் ஃபிரிட்ஜ் மேல் பத்திரமாக இருக்கிறது. அட்மிஷன் ஃபாரத்தில் பெயர், முகவரி எல்லாம் மகளே எழுதிவிட்டாள். 'குரூப்' என்ற கட்டத்தில் மட்டும் பென்சிலால் ஏதோ எழுதி அழித்திருக்கிறாள். திங்கட்கிழமை கடைசி நாள்.