கையொப்பமில்லா விளம்பரம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் மாணவர் ஒன்றியத் தேர்தலின்போது நாற்பது விநாடி நீளமுள்ள ஒரு காணொளியை நான் தயாரித்தேன். என் நண்பனை எதிர்த்துப் போட்டியிட்ட மாணவர் ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து, அவர் சொல் மறந்து நின்ற கணங்களையும் தண்ணீர் அருந்திய கணங்களையும் மட்டும் வெட்டியெடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, கேலியான இசையொன்றையும் சேர்த்தேன். விடுதியறையில் ஓரிரவு வேலை; செலவு ஒரு சதமும் இல்லை. இறுதியில் நண்பனுக்கு வாக்களிக்குமாறு ஒரு வேண்டுகோள் தோன்றியது. என் பெயர் எங்கும் இருக்கவில்லை.

மறுநாட் காலை சிற்றுண்டிச்சாலையில் கைத்தொலைபேசிகளைச் சுற்றி நின்று சிரித்தவர்களைக் கண்டு என் மனம் பூரித்தது. நண்பனிடம் விசாரித்தவர்களுக்கு அவன், “ஆர் செய்ததெண்டு எனக்குத் தெரியாது” என்றான். அது பொய்யன்று. நான் அவனிடம் சொல்லவில்லை. அவனும் என்னிடம் கேட்கவில்லை. அந்தக் கேளாமையின் பயன் யாருக்குச் சென்றது என்பதை அன்று நான் சிந்திக்கவில்லை. அவன் வென்றான். தோற்றவர் அதன்பின் மேடையேறியதை நான் காணவில்லை.

நான் செய்த காரியத்துக்கு ஒரு முன்வரலாறு உண்டென்பதைப் பின்னர் அமெரிக்கத் தேர்தற் பிரசாரங்கள் பற்றி வாசித்தபோதே அறிந்தேன். 1984ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பிள் நிறுவனம் தன் கணினிக்காக ஒளிபரப்பிய விளம்பரம் புகழ்பெற்றது. பெருந்திரையில் முழங்கும் சர்வாதிகாரியை உணர்ச்சியற்று நோக்கியிருக்கும் கூட்டத்தினூடே ஓடிவரும் பெண்ணொருத்தி, சம்மட்டியை வீசித் திரையை நொறுக்குவாள். 2007 மார்ச் மாதத்தில் அவ்விளம்பரம் உருமாறி யூரியூப்பில் தோன்றியது. சர்வாதிகாரியின் இடத்தில் ஹிலாரி கிளின்ரன் பேசினார். ஓடிவந்த பெண்ணின் மேலாடையில் பராக் ஒபாமாவின் சின்னம் இருந்தது. முடிவில் ஒபாமாவின் இணையத்தள முகவரி காட்டப்பட்டது. ஜனநாயகக் கட்சியின் சனாதிபதி வேட்பாளராவதற்கு அவ்விருவரும் போட்டியிட்டுக்கொண்டிருந்த காலம் அது. சில வாரங்களுள் பத்து இலட்சத்துக்கும் அதிகமான தடவைகள் அக்காணொளி பார்க்கப்பட்டது.

தமது பிரசாரக் குழுவுக்கு அதில் எவ்விதத் தொடர்பும் இல்லை என்றார் ஒபாமா. பின்னர், ஒபாமா குழுவுக்குத் தொழில்நுட்ப உதவி வழங்கிய நிறுவனமொன்றின் ஊழியரே அதைச் செய்தவர் என்பது வெளிப்பட்டது. நிறுவனமோ பிரசாரக் குழுவோ அறியாமல், ஞாயிற்றுக்கிழமையொன்றில், வீட்டிலிருந்த சொந்தக் கணினியில் அதைத் தயாரித்ததாக அவர் தம் பெயருடனேயே எழுதினார், பணியிலிருந்தும் நீங்கினார். பழைய அரசியல் இயந்திரத்திடம் மட்டுமே முழு அதிகாரமும் இனி இராது என்பதைக் காட்டுவதே தம் நோக்கம் என்றார். அக்கூற்றில் உண்மை உண்டு. பெரும் பணமின்றித் தொலைக்காட்சியில் நுழைய முடியாதிருந்த தனிமனிதனுக்கு இணையம் ஒரு மேடையை அளித்தது.

ஆயினும் அம்மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே முக்கியமான வேறுபாடொன்று இருந்தது. 2002ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி அமெரிக்காவில் கூட்டாட்சித் தேர்தல்களில் நிற்கும் வேட்பாளர், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வெளியிடும் விளம்பரத்தில், அதைத் தாம் அங்கீகரிப்பதாகத் தம் சொந்தக் குரலிலேயே கூறுதல் வேண்டும். சேற்றை வாரி வீசுபவர் தம் கையையும் காட்டட்டும் என்பதே இதன் கருத்து. ஆனால் ஊதியம் பெறாத தனிமனிதர் இணையத்தில் செய்யும் பிரசாரத்தைப் பெரும்பாலான கட்டுப்பாடுகளிலிருந்து தேர்தல் ஆணைக்குழு 2006இல் விலக்கியது. பேச்சுச் சுதந்திரத்தின் பொருட்டு அது நியாயமான தீர்மானமே. எனினும் அதன் விளைவாக, வேட்பாளர் தம் வாயாற் சொல்லத் தயங்கும் ஒன்றை ஆதரவாளர் சொல்லலாம்; பயனை வேட்பாளர் பெறலாம்; பழியை எவரும் ஏற்க வேண்டியதில்லை.

இதனால் ஆதரவாளர் ஆக்கங்கள் யாவும் தீயன என்பது என் கருத்தன்று. 2006 ஓகஸ்டில் வேர்ஜீனியா மாநிலத்தின் செனற்றர் ஜோர்ஜ் அலன், எதிரணியின் சார்பிற் காணொளி எடுத்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி இளைஞரொருவரைக் கூட்டத்தின் முன்னே சுட்டிக்காட்டி, இழிசொல்லாகக் கருதப்பட்ட ஒரு சொல்லால் அழைத்தார். அப்பதிவில் வெட்டுமில்லை, ஒட்டுமில்லை. யூரியூப்பில் அது பரவிற்று. எடுத்தவர் யார் என்பதும் நாடறிந்தது. 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அளிக்கப்பட்ட அத்தேர்தலில் அலன் 10,000க்கும் குறைந்த வாக்குகளால் தோற்றார். அதற்கும் முன்னர், ‘மூவ்ஒன்’ என்னும் அமைப்பு ஜோர்ஜ் புஷ்ஷின் ஆட்சி பற்றி முப்பது விநாடி விளம்பரங்களைத் தயாரிக்குமாறு பொதுமக்களுக்கு ஒரு போட்டி வைத்தது. 2004 ஜனவரியில் பரிசு பெற்ற ஆக்கத்தில், சிறுவர்கள் பாத்திரம் கழுவியும் குப்பை அள்ளியும் உழைக்கிறார்கள். நாட்டின் கடனை அடைக்கப்போவது யார் என்ற கேள்வியுடன் அது முடிகிறது. அப்போட்டிக்கு வந்தவற்றுள் இரண்டு, புஷ்ஷை ஹிட்லருடன் ஒப்பிட்டன. கண்டனம் எழுந்தபோது அமைப்பு வருத்தம் தெரிவித்தது. வருத்தம் தெரிவிப்பதற்கு அங்கே ஒரு முகவரி இருந்தது.

என் காணொளிக்கு அம்முகவரி இல்லை. இதன் பொருளை நான் முழுமையாக உணர்ந்தது கடந்த ஆண்டிலேதான். தோற்றுப்போன அந்த மாணவரைத் திருமண வீடொன்றிற் சந்தித்தபோது, செய்தவன் நானே என்று கூறினேன். அவர் கோபிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து உரையைப் பதிவுசெய்த தம் அறைத்தோழனையே இத்தனை காலமும் சந்தேகித்து வந்ததாகவும், இருவரும் பேசி ஆண்டுகள் பலவாகிவிட்டன என்றும் சொன்னார். அந்தப் பதிவை நான் பெற்றது வேறொருவரிடமிருந்து. அறைத்தோழனுக்கு இதில் எதுவும் தெரியாது.

ஒருவரைப் பரிகசித்த தவறை மட்டுமே நான் அதுவரை எண்ணி வருந்தியிருந்தேன். பெயரை மறைத்ததனால், குற்றமற்ற ஒருவர்மீது அந்தப் பழி சென்று தங்கியதை எண்ணவில்லை. கையொப்பமில்லாத ஆக்கத்துக்கு மக்கள் தாமே ஓர் ஆசிரியரைத் தேடிக்கொள்வர். அத்தேடலில் நட்புகள் முறிவதுண்டு.

அறைத்தோழரின் முகவரியைப் பெற்று, நடந்ததை அவருக்கு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. தேர்தல்கள் வரும், இளைஞர்கள் தம் கணினிகளில் விளம்பரங்கள் செய்வர், செய்யவும் வேண்டும். சொல்லத் துணிந்ததன் அடியிற் பெயரையும் இடத் துணிதல் வேண்டும் என்பது மட்டுமே, அவ்விரவில் எனக்குத் தெரியாதிருந்து இன்று தெரிந்திருக்கும் பாடம்.