அப்பாவின் ஆர்எக்ஸ் 100-ம் என் திருப்புளியும்

மைலேஜ் ஏறும்னு யாரோ சொன்னாங்கன்னு அப்பாவோட ஆர்எக்ஸ் 100 கார்ப்பரேட்டர்ல கை வெச்சேன். ஏர் ஸ்க்ரூவை வெளியே திருப்பினா காத்து கூடும், பெட்ரோல் குறையும். அவ்ளோதானேன்னு மூணு சுத்து!

படவேடு ரேணுகாம்பாள் கோயில் தாண்டறதுக்குள்ள வண்டி திணறி நின்னுடுச்சு. பிளக்கைக் கழட்டினா சுண்ணாம்பு வெள்ளை. (காபி கலர்ல இருந்தா சரி, கறுப்புன்னா பெட்ரோல் அதிகம், வெள்ளைன்னா காத்து அதிகம், இன்ஜின் கொதிக்குதுன்னு அர்த்தம்.) டூ ஸ்ட்ரோக்ல அப்படியே ஓட்டினா பிஸ்டன் பிடிச்சுக்கும். 1996-லயே தயாரிப்பு நின்ன வண்டிங்க இது! போர் போடணும்னா அப்பா முதல்ல எனக்குத்தான் போட்டிருப்பார்.

இன்ஜின் ஆறினதும் ஸ்க்ரூவை முழுசா மூடி, ஒன்றரை சுத்து மட்டும் திறந்தேன். ஐட்லிங் சீராச்சு.

சாயங்காலம் அப்பா கிக்கரை உதைச்சார். சத்தத்தைக் கேட்டுட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யார்றா கை வெச்சது?"