ஓரிரு இடங்களில்

தமிழில் அதிகமாகப் பரிகசிக்கப்பட்ட வாக்கியம் எது என்று கேட்டால், 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்பதைத்தான் சொல்வேன். பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தப்பித்துக்கொள்ள வழி வைத்திருக்கும் சாமர்த்தியம் அதில் இருப்பதாகப் பொதுவான அபிப்பிராயம். பட்டும்படாமலும் எழுதப்பட்ட விமர்சனத்தை 'வானிலை அறிக்கை' என்று கிண்டல் செய்யும் எழுத்தாள நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. பொதுக் காரியத்துக்காக நம் மொழியில் எழுதப்படும் வாக்கியங்களில் இவ்வளவு பொறுப்புடன் அமைந்தது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அகராதியில் 'ஓரிரு இடங்கள்' என்பது ஓர் அளவு. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்று அதற்கு அர்த்தம். அடுத்த படி 26 முதல் 50 வரை. அதற்கு மேல் இன்னும் இரண்டு படிகள். மறுநாள் காலை 8.30 மணிக்கு மானியில் தேங்கிய நீரை அளந்ததும் வாக்கியம் மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும். தன்னைப் பொய்யாக்கும் கருவியையும் கையோடு கொடுத்துவிட்டுப் பேசுகிற வாக்கியம் இது.

இத்தனை எச்சரிக்கை எதற்கு என்பது கான்சாபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் விளங்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வெறும் காற்றாக இங்கே வந்து சேர்கிறது. தையிலும் மாசியிலும் கதை தலைகீழ். வங்கக் கடலிலிருந்து கீழைக்காற்று அலை வரும்போது ஈரக்காற்று இதே மலைச்சரிவில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, இந்தப் பக்கமே பெய்துவிடுகிறது. வத்திராயிருப்பில் மழை கொட்டும் அன்று விருதுநகரில் வெயில் அடிக்கலாம். இரண்டும் ஒரே மாவட்டம். துறையின் கணக்கில் வடகிழக்குப் பருவம் டிசம்பரோடு முடிந்துவிடுகிறது. நம் இலக்கணம் மாசியையும் பங்குனியையும் பின்பனி என்று வகுத்திருக்கிறது. இந்த இரண்டு வகுப்புக்கும் அடங்காத மழை 2021 ஜனவரியில் பெய்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் இலங்கைக் கரையைக் கடந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், காவிரி டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்துப் போட்டது.

பிளவக்கல் தண்ணீரை நம்பி நட்ட நெல் முற்றி நிற்பதும் இந்த நாட்களில்தான். நகைக் கடன் கவுண்டருக்கு வந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், செல்லுல மழைன்னு போட்டிருக்காமே, நாளைக்கு அறுப்பு மிஷினுக்குச் சொல்லலாமா, வேண்டாமா?" நான் வாக்கியத்தை அப்படியே வாசித்து, நாலில் ஒரு பங்கு இடம் வரைக்கும் என்று விளக்கினேன். "அந்த ஒரு பங்குல நம்ம வயல் உண்டா?" என்றார். துறையிடம் இதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அடகில் இருக்கும் நகை அந்த ஒன்றரை ஏக்கரைப் பொறுத்துத்தான் திரும்பும். ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கமாட்டார்கள். தளர்த்துவதற்கு மத்திய அரசின் உத்தரவு வேண்டும். 2016-இல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டம், அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் பருவம் தவறிய மழையில் கெட்டால் 14 நாள் வரை இழப்பீடு உண்டு என்கிறது. 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். அதே மழை பக்கத்துத் தென்னந்தோப்புக்கு வரம். மலையடிவாரத்தில் பூவெடுத்து நிற்கும் சப்பட்டை மாவுக்குச் சேதம்.

பதில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பஞ்சாங்கம் வருஷத்துக்கு இத்தனை மரக்கால் மழை என்று முடிவாகச் சொல்லிவிடுகிறது. மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் பதினான்கு நாட்களைக் கர்ப்போட்டம் என்று கொண்டு, அன்றன்றைய மேகத்திலிருந்து வரும் வருஷத்து மழையைக் கணிப்பவர்கள் உண்டு. மேகம் கருவுற்ற 195-ஆம் நாள் மழை என்று வராகமிஹிரர் 'பிருஹத் சம்ஹிதை'யில் கணக்கே கொடுத்திருக்கிறார். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வானத்தைப் பதினான்கு நாள் விடாமல் பார்ப்பதற்குச் சிரத்தை வேண்டும். ஆனால் ஆரூடத்துக்குத் தோல்வி கிடையாது. மழை பெய்யாவிட்டால் கரு கலைந்துவிட்டது என்ற காரணம் தயாராக இருக்கிறது.

டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவராக இருந்த ஃபிட்ஸ்ராய், 1861-இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் தினசரிக் கணிப்பு வெளியிடத் தொடங்கியபோது, தீர்க்கதரிசனம் என்ற பொருள் தரும் சொற்களை வேண்டுமென்றே விலக்கி, 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். பரிகாசம் அவரையும் விடவில்லை. 1865-இல் தற்கொலை செய்துகொண்டார். மறுவருஷம் கணிப்பு நிறுத்தப்பட்டது. நாம் அவருடைய சொல்லை 'முன்னறிவிப்பு' என்று ஆக்கிக்கொண்டோம். அதில் தண்டோராவின் தொனி வந்துவிட்டது. தயக்கத்தின் சுமை முழுவதும் 'கூடும்' என்ற துணைவினையின் தலையில் விழுந்துவிட்டது.

துறையின் அகராதி பூரணமானது என்று நான் வாதிக்கவில்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. 20 செ.மீ.யைத் தாண்டிய எல்லாவற்றுக்கும் 'அதி கனமழை' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. அளவுகோல் முடிந்த இடத்துக்கு அப்பாலும் மழை பெய்கிறது. வாக்கியம் நேர்மையாக இருந்தால் மட்டும் வயலுக்குப் போதாது என்பதும் உண்மை. மானிகள் மாவட்டத் தலைநகரிலிருந்து வரப்பை நோக்கி வந்தாக வேண்டும்.

ஆனாலும் இந்த வாக்கியத்தைப் பரிகசிக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒரு கவிஞனை 'காலத்தை வென்று நிற்பான்' என்று எழுதிவிட்டு அடுத்த இதழுக்குப் போய்விடுகிறோம். எந்த மானியில் எந்தக் காலை எதை அளந்தால் நாம் சொன்னது தவறு என்று நிரூபணமாகும் என்பதை எழுதுவதில்லை. நிற்காமல் போனால் வாசகனின் ரசனை செத்துவிட்டது என்கிறோம். கரு கலைந்த கதைதான் இதுவும். 'தற்காலத் தமிழ்க் கவிதை' என்று நாம் பேசுவதெல்லாம் மாவட்டத்தைப் பற்றிய பேச்சு. எந்தக் கவிதை, அதில் எந்த வரி என்று சொல்லிவிட்டுப் பொய்த்துப்போகத் தயாராக இருக்கும் விமர்சகனை இனி யாராவது வானிலை அறிக்கை என்று அழைத்தால், அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.