666ஐத் தேடிப்போன கதை

கோலாலம்பூரில் நான் வளர்ந்த அடுக்குமாடியில் நான்காம் மாடி கிடையாது. லிஃப்டில் 3, அடுத்து 3ஏ, அப்புறம் 5. சீனத்தில் நான்குக்கும் சாவுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி. "நம்பர மாத்திட்டா எமனுக்கு வீடு தெரியாதாக்கும்" என்று அம்மா சிரிப்பார். நாங்கள் குடியிருந்தது அந்த 3ஏ-யில்.

அதனாலோ என்னவோ, நியூ மெக்ஸிகோ பாலைநிலத்தில் கேலப் நகரிலிருந்து வடக்கே வண்டியைத் திருப்பியபோது எனக்குள் ஓர் இளக்காரம் இருந்தது. அந்த நெடுஞ்சாலையின் எண் 491. 2003 வரை 666.

அந்த எண்ணில் மர்மம் ஒன்றுமில்லை. 1926இல் அமெரிக்கச் சாலைகளுக்கு எண் கொடுத்தபோது 66இன் ஆறாவது கிளை இது, அதனால் 666. முதலில் கேலப்பிலிருந்து கொலராடோவின் கோர்ட்டெஸ் வரைதான். பிறகு தெற்கே அரிசோனா வழியாக மெக்ஸிகோ எல்லைவரை நீண்டது. 1970இல் வடமுனை யூட்டாவின் மாண்டிசெல்லோவுக்குப் போனது. 1985இல் தாய்ச்சாலையான 66ஐயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1992இல் அரிசோனாத் துண்டு 191 ஆயிற்று. தாயும் இல்லை, பாதி உடம்பும் இல்லை. மிச்சமிருந்தது சுமார் 310 கிலோமீட்டரும் ஒரு கெட்ட பெயரும்.

பைபிளில் 666 மிருகத்தின் எண். போதாதா? 'சாத்தானின் நெடுஞ்சாலை' என்றார்கள், பேய்க்கதைகள் முளைத்தன. பெயர்ப்பலகைகளைத் திருடிக்கொண்டு போனார்கள். எண் மாறப்போகிறது என்று தெரிந்ததும் திருட்டு இன்னும் கூடியது. நானும் அந்த ரகம்தான், பத்து இருபது வருடம் தாமதம், அவ்வளவே.

ஷிப்ராக் ஊரில் பெட்ரோல் போட நிறுத்தினேன். கல்லாவில் இருந்த நவாஹோ அம்மாளிடம், பழைய பலகை எங்கேயாவது இருக்குமா என்று கேட்டேன். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"உங்களுக்கு அது நம்பர். நான் இந்த ரோட்லதான் தெனமும் வேலைக்கு வர்றேன்."

நியூ மெக்ஸிகோவில் இச்சாலையின் பெரும்பகுதி நவாஹோ நிலத்தில் ஓடுகிறது. விபத்துகள் மட்டும் கதையல்ல. ஆனால் நெடுந்தூரத்துக்கு அது இருவழிச் சாலையாகவே இருந்தது. முந்தப் பார்ப்பவன் எதிரே வருபவனுடைய பாதையில்தான் ஏற வேண்டும். சாத்தான்மேல் பழி போட்டால் யாரும் தார் போட வேண்டியதில்லை. எண் மாறிய பிறகு வந்த ஆண்டுகளில்தான் நியூ மெக்ஸிகோ பகுதியை நான்கு வழியாக அகலப்படுத்தினார்கள். எண்ணை மாற்றியது மூடநம்பிக்கை என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். ஊரார் ரசித்துச் சொல்லும் பேய்க்கதைக்குள் குடியிருப்பவர்களுக்கு அது வேறு கணக்கு.

ஊரைத் தாண்டினால் தென்மேற்கே அந்தப் பாறை, வெட்டவெளியில் 480 மீட்டர் உயரத்துக்குத் தனியாக நிற்கிறது. நவாஹோ மொழியில் அதன் பெயருக்குச் சிறகுள்ள பாறை என்று பொருள். வண்டியை ஓரம்கட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு அம்மா போனில் கேட்டார், "என்னடா, பேயப் பாத்தியா?"

"இல்லம்மா. நாலு லேன் ரோடு பாத்தேன்."