முதுகுப் பக்கமும் தெரியும் படம்

படம் எடுப்பவனுடைய முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை எந்தப் புகைப்படமும் சொல்வதில்லை. திருமண வீட்டில் மணமக்கள் படத்தில் விழுகிறார்கள். பந்திக்கு முந்தும் கூட்டம் விழுவதில்லை. ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் வண்ணப் படங்களை நாளேடுகளில் பார்த்திருப்பீர்கள். நீலக் கூரை, வெட்டிய புல்தரை, கொடிக்கம்பம். படம் பிடித்தவர் அப்படியே திரும்பி நின்றிருந்தால் சில இடங்களில் ஓர் ஏரி விழுந்திருக்கும். அவர் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய வேலையும் அவருக்கு இல்லை.

நாம் திரும்பாமலே நாற்புறமும் பிடிக்கும் கருவி ஒன்று சென்ற கோடை விடுமுறையில் என் கைக்கு வந்தது. இயற்பியல் துறை ஆசிரியர் ஒருவர் இரவல் தந்தார். பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். கைப்பேசியில் சார்ஜர் செருகும் துளையில் அதைச் செருகி, கைப்பேசியைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். முன்னொன்றும் பின்னொன்றுமாக அதில் இரண்டு மீன்கண் வில்லைகள். ஒவ்வொன்றும் அரைவட்டத்துக்குச் சற்று மேலாகவே காண்பதால், இரண்டு படங்களும் ஓரங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அந்த ஓரங்களைக் கைப்பேசி கணக்குப் போட்டு ஒட்டிவிடுகிறது. கைப்பேசியில் ஏற்கெனவே ‘பனோரமா’ என்று ஒன்று உண்டே என்பீர்கள். அதில் நாம் கையை மெல்ல நகர்த்த வேண்டும். குறுக்கே ஒரு பேருந்து போய்விட்டால் அது பாதிப் பேருந்தாகவோ ரயில் வண்டியாகவோ மாறிவிடும்! இதில் அந்தத் தொல்லை இல்லை. எல்லாம் ஒரே நொடி.

இந்த ஆசை மனிதனுக்குப் புதிதன்று. இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர் 1787இல் வட்ட ஓவியத்திற்குக் காப்புரிமை பெற்று, 1793இல் இலண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கென்றே வட்டக் கட்டடம் எழுப்பினார். காண்போர் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தனர். நம் மண்ணிலும் நடந்ததுண்டு. சென்னை அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படம் எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவர் கோயிலைச் சுற்றிவந்து உள்நோக்கிப் பார்த்தார். இந்த நெல்லிக்காயோ நடுவில் நின்று வெளிநோக்கிப் பார்க்கிறது. ஒட்டுவேலை இரண்டிற்கும் ஒன்றே.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். அங்கிருந்து மிதிவண்டியில் போகும் தொலைவில் எங்கள் ஊர். ஒரு காலை ஏரிக்கரை மேல் நின்று கருவியை உயர்த்திப் பிடித்தேன். ஒரு பக்கம் தொழிற்பேட்டையின் நெடுஞ்சுவர், அதன்மேல் முள்கம்பி, வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகள். மறுபக்கம் ஏரி, எருமைகள், சீமைக்கருவேல், எல்லையம்மன் கோயில். நடுவில் நான். இவ்வகைப் படத்தில் எடுப்பவன் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

எடுப்பது எளிது; பார்ப்பதுதான் கலை. விரித்துப் போட்டால் அது உலக வரைபடம் போலத் தட்டையாக இருக்கும். நேரான கரை வில்லாய் வளைந்து கிடக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தட்டைப் படந்தான் போய்ச் சேரும். ஆவணமாக அனுப்ப வேண்டும். முழுமையாய்க் காண, கூகிள் 2014இல் அறிமுகப்படுத்திய அட்டைப்பெட்டிக் கண்ணாடி நல்ல வழி. கூகிள் அதன் விற்பனையை 2021இல் நிறுத்திவிட்டது. ஆனால் அட்டையும் இரண்டு வில்லைகளும் இருந்தால் நாமே செய்துகொள்ளலாம். கைப்பேசியில் ‘கைரோஸ்கோப்’ என்னும் சுழற்சி உணரி இருக்க வேண்டும். என்னுடைய மலிவுக் கைப்பேசியில் அது இல்லை, அக்காளுடையதில் இருந்தது.

அக்காள் ஒரு கைப்பேசி ஆலையில் வேலை செய்கிறாள். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. இன்று சுங்குவார்சத்திரத்தில் ஐபோன்கள் உருவாகின்றன. கைப்பேசி இந்த வட்டாரத்தின் விளைபொருள் என்றே சொல்லலாம். ஆயினும் அதைச் செய்யும் பெண்களின் சொந்தக் கைப்பேசிகள் வேலை நேரம் முழுவதும் வாயிற்பெட்டியில் உறங்குகின்றன. தொழில் மறைவு, குறை சொல்வதற்கில்லை.

முதல் ஷிப்ட் முடிந்து வந்தவள் பெட்டியைக் கண்ணில் வைத்தாள். ஏரியைப் பார்ப்பாள் என்று எண்ணினேன். அவளோ, “பனைமரம் ரெண்டா பிளந்திருக்குதே, தம்பி! என் லைன்ல வந்தா இதைத் திருப்பி அனுப்பிடுவேன்” என்றாள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பனை அது. ஒரு விரலை முகத்தருகே பிடித்துக் கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறும். இரண்டு வில்லைகளும் ஒரே புள்ளியில் இல்லாததால் அருகில் உள்ள பொருள் ஒட்டில் பிளந்துவிடுகிறது.

பிறகு அப்பா பார்த்தார். தாழ்வாரத்தில் நின்றபடி மெல்லச் சுற்றினார். சுவர்ப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

“டேய், இன்னும் கொஞ்சம் அந்தாண்ட போ. நம்ம மோட்டார் கொட்டாய் தெரியும்.”

எங்கள் முக்கால் ஏக்கர் தொழிற்பேட்டைக்குள் போய்ப் பல ஆண்டுகளாகிவிட்டன. “இதில் நடக்க முடியாது அப்பா; நின்ற இடத்தில் சுற்றத்தான் முடியும்” என்றேன். அவர் விடை சொல்லாமல் மேலும் சுற்றினார். என் முதுகுப் பக்கம் வந்ததும் குரல் மாறிற்று.

“கலங்கல் எங்கடா? யாரு மண்ணைக் கொட்டினது?”

வாங்கிப் பார்த்தேன். ஏரி நிரம்பினால் மிகைநீர் வழிந்தோடும் கலங்கலின் வாயில் கட்டட இடிபாடும் மண்ணும் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதை நான் மறக்கவில்லை. கலங்கல் அடைபட்டால் நீர் வேறு எங்கே போகும்?

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அப்பா பெட்டியோடு போனார். சாதாரணப் படமாக இருந்திருந்தால் “இது வேறு ஏரி” என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். முன்பு ஒருமுறை குப்பை விவகாரத்தில் அப்படித்தான் சொன்னார்கள். இதில் மண்மேட்டிலிருந்து கழுத்தைத் திருப்பினால் எல்லையம்மன் கோயில். இன்னும் திருப்பினால் தொழிற்பேட்டைச் சுவர். ஒரே நொடி, ஒரே இடம். பெரியவர்கள் முறைவைத்துப் பெட்டியை வாங்கி, பந்தலுக்குள் மெல்ல மெல்லச் சுழன்றார்கள். சிறுவர்கள் சிரித்தார்கள். சுழன்றவர் ஒவ்வொருவரும் ஒரே இடத்தில் நின்றார்கள். மண்ணை யார் கொட்டியது என்பது மட்டும் படத்தில் இல்லை.

தீர்மானம் எழுதினார்கள். பத்து நாளில் பொக்லைன் வந்து பாதி மண்ணை அள்ளிற்று. மீதிப் பாதி இன்னும் அங்கேயே இருக்கிறது. கருவியை ஐப்பசி வரை வைத்துக்கொள்ள ஆசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். இந்த முறை பனைமரத்தை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறாள் அக்காள்.